ஓடுகாலிக்கு மூன்று வளையம்

பாபின் கடைவதற்கு ஈர மரம் ஆகாது. அறுத்த கிளையை நிழலில் போட்டு, தட்டினால் கண்ணாடி டம்ளர் மாதிரி சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கடைந்தால் பிறகு கோணிக்கொள்ளும். நான் எந்த வேலையிலும் அவசரப்பட்டவன் இல்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை டீச்சரம்மா. பெட்டியைத் திறந்து பாபின்களை மேஜைமேல் பரப்பி வைத்தீர்கள். "இதுல எது எதுன்னு நீங்களே அடையாளம் சொல்லுங்க, ரெண்டு மூணு மேல எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றீர்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் மரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வாயால் சொன்னால் எனக்குக் கோர்வையாக வராது. இத்தனை வருஷம் கடைசல் பட்டறைச் சத்தத்துக்குள் நின்றதில் பேச்சு குறைந்துபோயிற்று. அதனால்தான் தாள் கேட்டேன். பிழைகள் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தலை நரைக்கத் தொடங்கிய பிறகு எழுதப் படித்தவன் நான். கற்றுக்கொடுத்தது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் இதை வேறு சிலரிடம் காட்டுவீர்கள் என்று நினைக்கிறேன். காட்ட வேண்டியதுதான். அவர்கள் லேஸ் பின்னுவதைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். மடியில் ஒரு கெட்டியான திண்டு இருக்கும். அதன்மேல் ஓட்டை குத்திய அட்டை, ஓட்டைகளில் குண்டூசிகள். ஊசிகளைச் சுற்றி வரும் நூல்கள் கீழே தொங்கும். ஒவ்வொரு நூலின் நுனியிலும் விரல் நீளத்துக்கு ஒரு மரக்குச்சி, அதன் கழுத்தில் மிச்ச நூல் சுற்றியிருக்கும். அதுதான் பாபின். நூலில் கை வைக்காமல் குச்சிகளை மட்டும் மாற்றிப் போட்டும் முறுக்கியும் பின்னுவார்கள். ஒரு ஜோடி மட்டும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு எல்லோருக்கும் ஊடாக ஓடிக்கொண்டே இருக்கும். மற்றவை இருந்த இடத்திலேயே தொங்கும். ஓடுகிற ஜோடி எது என்பதைத் தவறவிட்டால் அன்றைய வேலை அத்தனையும் பிரிக்க வேண்டியதுதான்.

கண் தெரிந்தவர்களுக்கு எல்லாப் பாபினும் ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்றும் இல்லை. நூல் போகும் வழியைப் பார்த்துக்கொள்வார்கள். என் தங்கைக்கு அது முடியாது. அவளுக்கு ஒவ்வொன்றும் தொட்டவுடன் தன் பெயரைச் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அவளுக்குக் கரும்பலகையின் ஓரங்கள் அழியத் தொடங்கிவிட்டன. அப்புறம் நடுவும் போனது. அம்மா அப்போதே இல்லை. அப்பா பிழைப்பு தேடிப் போனவர் போன இடத்திலேயே தங்கிவிட்டார். வீட்டில் நானும் அவளும்தான். யாராவது என் கல்யாணப் பேச்சை எடுத்தால், "அவளை யாரு பாத்துக்கறது?" என்று கேட்பேன். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிடும்.

கொஞ்சநஞ்சம் இருந்த பார்வையும் போவதற்கு முன்னால், எழுத்தெல்லாம் மறந்துவிடுமோ என்று பயந்தாள். "மரத்துல செதுக்கிக் குடுண்ணா, தடவித் தடவி ஞாபகம் வெச்சுக்கறேன்" என்றாள். எனக்கு எழுத்து தெரியாது. அவள் தரையில் மரத்தூளைப் பரப்பி, விரலால் எழுதிக் காட்டுவாள். நான் அதைப் பார்த்துச் செதுக்குவேன். செதுக்கியதைத் தடவிப் பார்த்து, "சுழி பத்தல", "இதுக்குக் கால் நொண்டுது" என்று திருப்பித் தருவாள். அவள் மறக்காமல் இருக்கச் செதுக்கியதில் நான் படித்துக்கொண்டேன். ஒரு மயிரிழை வித்தியாசம்கூட அவள் விரலுக்குத் தெரியும் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

லேஸ் பழக்கிவிட்டது கீழ் வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் அக்கா. துணிகளுக்குக் கரை வைக்க அவளுக்கு லேஸ் தேவைப்பட்டது. பாபின்கள் எல்லாம் நான் கடைந்தவை. நான் பட்டறையில் நாற்காலிக் கால் கடைகிறவன். அந்தத் தடிமனில் கை பழகியவனுக்கு இந்தப் பொடி வேலை முதலில் பிடிபடவில்லை. உளி பட்டதும் குச்சி முறிந்து தெறிக்கும். எலுமிச்சை மரம்தான் கடைசியில் ஒத்துவந்தது. அவளுக்குத் தேவைப்படத் தேவைப்பட ஒவ்வொன்றாகக் கடைந்து கொடுத்தேன், ஒவ்வொன்றுக்கும் அவள் பெயர் வைத்தாள்.

மேஜையில் உங்கள் இடது கைப்பக்கம் கிடக்கிற வயிறு பெருத்த குச்சி மாமியார். பக்கத்தில் இடுப்பு ஒடுங்கியது மருமகள். இரண்டும் ஜோடி. நடுவில் இருக்கும் நீளக் குச்சி சித்தப்பா. அதன் உடம்பைக் குடைந்து உள்ளே ஒரு காய்ந்த விதையைப் போட்டு அடைத்திருந்தேன், அசைத்தால் கடகடக்கும். தடிமனான நூல் அவர் பொறுப்பில். "வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே தொண்டையைச் செருமிக்கிட்டு வர்றாரு பாரு" என்பாள். ஓரத்தில் குவிந்து கிடப்பவை எல்லாம் கழுத்துக்குக் கீழே இரண்டு வளையம் வெட்டியவை. அவற்றுக்குத் தனிப் பெயர் இல்லை, மொத்தமாக வீட்டோடு கிடக்கிறவர்கள். மூன்று வளையம் உள்ள ஜோடிதான் ஓடுகிற ஜோடி. அதற்கு அவள் வைத்த பெயர் ஓடுகாலி. அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. மாற்றச் சொன்னேன்.

"ஒரு இடத்துல நிக்காம சுத்தறவளை வேற என்னன்னு கூப்பிடுவாங்களாம்?" என்று சிரித்தாள்.

அக்கா மாடிக்கு வந்தால் இந்தப் பேச்சுதான். "ஏண்டி, மாமியாரை இப்படித் தலைகீழா தொங்க விட்டிருக்கியே, பாவமா இல்ல?"

"தொங்கட்டும்க்கா. எனக்குன்னு வாய்ச்ச ஒரே மாமியார் அதுதான். இதையும் ஆட்டி வைக்கலன்னா எப்படி?"

இப்படித்தான் இருந்தோம். நீங்கள் அக்காவிடம் துணி தைக்கக் கொடுக்க வந்த நாள்வரை.

நீங்கள் மாடிக்கு வந்தபோது நான் அப்போதுதான் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். அவள் பின்னுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்துடறியாம்மா?" என்று கேட்டீர்கள். "பார்வை இல்லாத எங்க பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லிக்குடுக்க ஆளே இல்ல. பார்வை உள்ளவங்களைப் போட்டா 'இங்க பாரு, அங்க பாரு'ன்னுதான் அவங்களுக்குச் சொல்ல வருது. நீ வந்தா நல்லா இருக்கும். தங்க இடம் இருக்கு. கமிட்டிக்காரங்க முன்னாடி ஒரு தரம் பின்னிக் காட்டணும், அவ்வளவுதான்." அப்புறம் என்னைப் பார்த்து, "அண்ணன் என்ன சொல்றீங்க?" என்றீர்கள்.

"அவ இஷ்டம்" என்றேன். தேநீர் போட்டுக் கொடுத்தேன். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதற்கு நீங்களே சாட்சி.

நீங்கள் போன பிறகு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. என்னை உட்கார வைத்துப் பேசினாள். அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பாபின் கடைந்து தர வேண்டுமாம். மாதம் ஒருமுறை வந்து என்னைப் பார்ப்பாளாம். "நான் போயிட்டா நீயும் ஒரு கல்யாணம் பண்ணிக்கலாம். இனிமே என்னைச் சாக்கு சொல்லித் தப்பிக்க முடியாது, பாத்துக்கோ" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

என் கவலை நியாயமானது. கண் இல்லாதவள். தெரியாத இடம், தெரியாத மனிதர்கள். கொடியில் துணி கிடக்கும்போது மேகம் கருத்தால் யார் சொல்வார்கள்? சட்டையை உள்வெளியாகப் போட்டிருந்தால் சிரிக்காமல் யார் சொல்வார்கள்? ஆனால் இதையெல்லாம் அவளிடம் சொன்னால் நான் தடுக்கிற மாதிரி ஆகிவிடும். தடுத்தால் வெறுப்பாள். தன்னால் முடியாது என்று அவளாகவே தெரிந்துகொண்டால் யார் மீதும் வருத்தம் இருக்காது. அதற்கு ஒரு சின்ன உதவி செய்வது தப்பில்லை என்று எனக்குப் பட்டது.

அதே எலுமிச்சைக் கிளையில் மிச்சம் இருந்தது. ஓடுகாலி ஜோடியில் ஒன்றை மாதிரியாக வைத்து இன்னொன்று கடைந்தேன். அதே நீளம், அதே கனம், அதே கழுத்து. முதல் இரண்டு வளையத்தை உளியால் வெட்டினேன். மூன்றாவதை வெட்டவில்லை. குச்சி வேகமாகச் சுழலும்போது ஒரு மெல்லிய கம்பியை அழுத்திப் பிடித்தால் மரம் கருகி ஒரு கோடு விழும். பள்ளம் இருக்காது. கடைசல்காரர்கள் பொம்மைகளுக்கு அழகுக்காகச் செய்கிற வேலை. மற்ற இரண்டு வளையத்தையும் அதே நிறத்துக்குக் கருக்கிவிட்டேன். கண்ணுக்கு மூன்று வளையம். விரலுக்கு இரண்டு.

புதுக் குச்சி வழவழப்பில் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எண்ணெய் தொட்டு, வேலை இல்லாத நேரமெல்லாம் உள்ளங்கையில் வைத்து உருட்டினேன். பட்டறையில் கிண்டல் செய்தார்கள். "என்னப்பா, எப்பப் பாத்தாலும் ஒரு கட்டையைத் தடவிக்கிட்டே இருக்கே, வீட்டுல பொண்ணு பாத்துட்டாங்களா?" என்றார் முதலாளி. வேர்வை ஊறி ஊறி அது பழசானது. என் வாழ்க்கையில் நான் கடைந்ததிலேயே நல்ல வேலை அதுதான். அதை யாரிடமும் காட்ட முடியாமல் போனது எனக்கு ஒரு குறைதான்.

காலையில் அவள் குளிக்கப் போனதும் திண்டின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பழைய குச்சியிலிருந்து நூலை அவிழ்த்துப் புதியதில் சுற்றி, அவள் போடுவது மாதிரியே சுருக்குப் போட்டுத் தொங்கவிட்டேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் நிற்பதற்குள் முடிந்துவிட்டது.

வேலை விட்டு நான் வந்தபோது அவள் பின்னாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, இதுல எத்தனை வளையம் இருக்கு, பாரேன்."

வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "மூணு."

"எனக்கு ரெண்டுதான் தெரியுது."

"மூணு இருக்கே."

கீழே குரல் கொடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். "கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நல்லாப் பாருக்கா."

"போட்டுக்கிட்டுத்தான் வந்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. கருப்பா பளிச்சுனு தெரியுது. இன்னைக்கு உனக்கு என்னடி வந்துச்சு?"

அக்கா பொய் சொல்லவில்லை. கண் உள்ளவர்கள் ஒன்றைப் பார்த்துவிட்டால் தொட்டுப் பார்க்க மாட்டார்கள். அதை மட்டும்தான் நான் நம்பியிருந்தேன்.

மறுநாள் காலையில் பழைய குச்சியைத் திரும்ப மாட்டிவிட்டேன். அன்று முழுக்க அவளுக்கு மூன்று வளையமும் தெரிந்தது. "நேத்து விரல் மரத்துப்போயிருந்திருக்கும் போல" என்று சந்தோஷமாகச் சொன்னாள். நாலைந்து நாள் விட்டு மறுபடி மாற்றினேன். இப்படி மாற்றி மாற்றி வைத்தால்தான் பழுது குச்சியில் இல்லை, விரலில் என்று ஆகும். இதற்குள் சித்தப்பாவுக்கும் ஒரு இரட்டை கடைந்திருந்தேன். உள்ளே விதை இருக்கும், ஆனால் பிசின் வைத்து ஒட்டியிருக்கும். அசலையும் இரட்டையையும் மாற்றி மாற்றி மாட்டியதில், அசைத்தால் சில நாள் பேசுவார், சில நாள் பேச மாட்டார். "காதும் போகுதாண்ணா?" என்று ஒருநாள் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. பொய் சொல்ல எனக்கு எப்போதுமே பிடிக்காது.

உங்கள் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் அவள் பின்னிக் காட்டிய நாள் உங்களுக்கே நினைவிருக்கும். கமிட்டிக்காரர்கள் நாற்காலியில், நான் சுவரோரம். தொடக்கத்தில் கை நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு பக்கக் கரை கோணியது. பிரித்தாள். மறுபடி போட்டாள், மறுபடியும் கோணியது. "மாமியாருக்கும் மருமகளுக்கும் இன்னைக்கு ஒத்துவரல" என்று சொல்லிச் சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள். மூன்றாவது முறை பிரிக்கும்போது அவள் சிரிக்கவில்லை. ஒரு குச்சியை உங்களிடம் நீட்டி, "டீச்சர், இதுல வளையம் எத்தனை?" என்று கேட்டாள்.

நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். "மூணும்மா."

உங்களை நான் குற்றம் சொல்லவில்லை. இருந்ததைத்தான் சொன்னீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் மல்லாக்க வைத்திருந்தாள். "என் கை போயிடுச்சுண்ணா" என்றாள்.

"போனா போகட்டும். நான் இருக்கேன் இல்ல" என்றேன். அவள் என் தோளில் தலை சாய்த்துக்கொண்டாள். சின்ன வயதில்தான் அப்படிச் சாய்வாள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். திண்டை ஒரு துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டாள். பாபின்களைப் பெட்டியில் போட்டு மூடினாள். கடைசியாக மாட்டியிருந்தவை அப்படியே உள்ளே போய்விட்டன. நான் எடுத்து மாற்றவில்லை. மாற்ற வேண்டிய தேவை முடிந்துவிட்டது.

வீட்டில் நான் வேறு எதையும் தொடவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். உப்பு ஜாடி இருந்த இடத்திலேயே இருந்தது. கதவு, அடுப்பு, கொடி எல்லாம் அப்படியே. ஆனால் அவளுக்குத் தன் விரல் சொல்வது எதிலும் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. "அண்ணா, இது உப்பா சர்க்கரையா?" "அண்ணா, துணி காஞ்சிடுச்சா?" "அண்ணா, கதவு மூடியிருக்குன்னு கைக்குத் தெரியுது, மூடித்தானே இருக்கு?" ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். பட்டறை விட்டதும் வேறெங்கும் நிற்காமல் நேரே வீட்டுக்கு வருவேன். மாடிப்படியில் என் காலடி கேட்டதும் அவள் முகம் மாறும். அந்த மாதங்கள் எனக்கு நல்ல மாதங்கள். அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அக்காதான் விடவில்லை. என்னைப் படியில் மறித்து, "தம்பி, போன வருஷம் எனக்கு ஊசியில நூல் கோத்துக் குடுத்தவ இவ. இன்னைக்குத் தட்டுல சோறு இருக்கா இல்லையான்னு என்னைக் கேக்கறா. கல்லு மாதிரி நிக்காதே, டாக்டர்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போ" என்றாள்.

கூட்டிப்போனேன். டாக்டர் ஒவ்வொரு விரல் நுனியிலும் ஊசியால் லேசாகத் தொட்டுப் பார்த்தார். பஞ்சு எது, துணி எது, காகிதம் எது என்று கேட்டார். எல்லாம் சரியாகச் சொன்னாள். சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும், "சரியாண்ணா?" என்று என் பக்கம் திரும்பினாள். "விரல்ல ஒரு குறையும் இல்ல. மனசுதான்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும், "அப்ப எனக்குப் பைத்தியமாண்ணா?" என்று கேட்டாள்.

"அப்படியெல்லாம் பேசாதே" என்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நீங்கள் மறுபடி வருவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை டீச்சரம்மா. நான் பட்டறையில் இருந்தபோது வந்து அவளோடு பேசிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் வந்ததும் அவளே சொன்னாள். குரல் பழைய குரலாக இருந்தது.

"பின்ன வரலன்னா பரவால்லயாம்ண்ணா. வந்து சும்மா இரு, விரல் தானா திரும்பும்னு சொல்றாங்க. இல்லன்னா டெலிபோன் எடுக்கற வேலை கத்துத் தராங்களாம். நான் போறேன்."

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம் அவங்களே வண்டி எடுத்துக்கிட்டு வராங்க." பிறகு, "உனக்குச் சுமையா இருக்கறது எனக்கே பிடிக்கலண்ணா" என்றாள்.

சுமை என்று நான் எப்போது சொன்னேன்? ஆனாலும், "சரி, போயிட்டு வா" என்றேன். அவள் துணிகளை நானே மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை நான் வழக்கம்போல வேலைக்குப் போனேன். நாள் முழுக்க நான் பட்டறையில்தான் இருந்தேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். நான் அப்படித்தான் சொன்னேன். முற்பகலில் மரக்கடைக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவளை நிறுத்துவதற்காக வரவில்லை. போகும்போது பார்க்க வேண்டும் என்று இருந்தது.

எங்கள் மாடிப்படியின் மேல்முனையில் ஒரு மரத்தூண் நிற்கிறது. அதன் தலையில் ஒரு குமிழ், நான் கடைந்து வைத்தது. குமிழின் ஒரு பக்கத்தில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பேன். அந்தப் பள்ளம் கைக்குப் பட்டால் அடுத்து வைக்கிற அடி படியில் என்று அவளுக்குக் கணக்கு. எத்தனையோ வருஷமாக அதைத் தொட்டுத்தான் தனியாக இறங்குவாள். விரல் மேல் நம்பிக்கை போன பிறகு தனியாக இறங்கியதே இல்லை. நான் கையைப் பிடித்துக்கொள்வேன், இல்லை அக்கா பிடித்துக்கொள்வாள்.

நான் கீழே படியின் அடியில் நின்றிருந்தேன். அக்காவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மேலே கதவைத் திறந்துகொண்டு அவள் வந்தாள். ஒரு கையில் பை, கக்கத்தில் இந்தப் பெட்டி. நீங்கள் வருவதற்குள் வாசலில் போய் நின்றுவிட வேண்டும் என்று நினைத்திருப்பாள். எனக்கு அது கொஞ்சம் கோபமாக இருந்தது. அவ்வளவு அவசரமா என்று பட்டது.

இன்னொரு கையைத் தூண்மேல் வைத்தாள். பள்ளத்தைத் தடவினாள். கட்டைவிரல் போய்ப் போய் வந்தது. அது படிதான் என்று கை சொல்கிறது, அதை நம்பலாமா கூடாதா என்று அவள் யோசிப்பது அங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. என்மேல் எப்போதும் மரத்தூள் வாசனை அடிக்கும். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அண்ணா, நீயா?" என்றாள். "இங்கதானே படி?"

நான் பேசவில்லை.

பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு தன் கையின் பக்கம் முகத்தைத் திருப்பித் தலையை ஆட்டினாள், குழந்தை ஏதோ தப்பாகச் சொன்னால் ஆட்டுவோமே, அந்த மாதிரி. சமதரையில் நடப்பது போலக் காலை எடுத்து வைத்தாள்.

மெஷின் சத்தத்தில் அவள் விழுந்தது அக்காவுக்குக் கேட்கவில்லை. நான் பட்டறைக்குத் திரும்பிப் போய்விட்டேன். ஆள் வந்து என்னைக் கூப்பிட்டபோது ஒரு நாற்காலிக் காலில் பாதி முடித்திருந்தேன். அதற்கு முன்பே நீங்கள் வந்து, அவளுக்கு மூச்சு இல்லை என்று பார்த்துவிட்டீர்கள்.

அன்று நீங்கள் எடுத்துப்போன பெட்டியில் உங்கள் பிள்ளைகளில் ஒருத்தி இந்த ஓடுகாலிக் குச்சியைத் தொட்டுவிட்டு, "டீச்சர், மூணுன்னு சொன்னீங்களே, ரெண்டுதானே இருக்கு" என்று கேட்டதாகச் சொன்னீர்கள். அவள் சொன்னது சரி. உங்களுக்குச் சந்தேகம் வந்த மற்றது சித்தப்பா. அதுவும் சரி. இரண்டுக்கும் அசல் என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து இந்தத் தாளின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அசல் ஓடுகாலியின் கழுத்தில் ஒரு பக்கம் லேசாகக் குழிந்திருக்கும், அவள் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து ஆனது. அதை மட்டும் என்னால் இரட்டையில் கொண்டுவர முடியவில்லை. இனி எது எது என்று உங்களுக்குக் குழப்பம் வராது.

யார் என்னை என்ன கேட்டாலும் இதையேதான் சொல்வேன். குச்சிகளை மாற்றியது நான். அவள் பள்ளிக்கூடத்தில் தோற்றது என்னால். அவள் தன் கையையே நம்பாமல் போனது என்னால். அன்று கீழே நின்றதும் நான்தான். ஆனால் நான் அவளைத் தள்ளவில்லை, தூணில் எதையும் மாற்றவில்லை. அவள் ஒரு தடவைதான் கூப்பிட்டாள் டீச்சரம்மா. இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.